இது என்ன படத்துப் பாட்டு?

போன ஆண்டு செட்டிநாட்டில் எங்கள் பள்ளத்தூர் வீட்டில், முன்னோரைக் கும்பிடும் படைப்புக்காகப் பங்காளிகள் எல்லோரும் கூடியிருந்தோம். சாப்பாடு முடிந்து, வளவில், அதாவது உள்முற்றத்துத் தாழ்வாரத்தில், பாய் விரித்துப் பெரியவர்கள் சாய்ந்திருந்த நேரம். அண்ணன் மகன் தூணோரம் உட்கார்ந்து கைபேசியில் ஒரு பாட்டைப் போட்டான். இருட்டுக்குள் நான்கு முகங்கள். வாத்தியம் எதுவும் இல்லாமல் பல குரல்கள் ஒன்றாக எழுந்தன. என் அம்மாவுக்கு எண்பது வயது நெருங்குகிறது. காது மட்டும் இன்னும் கூர்மை.

"இது என்ன படத்துப் பாட்டுப்பா?" என்று கேட்டார்.

"படம் இல்லை அப்பத்தா. இது 'போஹிமியன் ராப்சடி'ன்னு ஒரு சிங்கிள். குவீன்னு ஒரு ராக் பேண்டு."

"பேண்டுன்னா நம்ம கல்யாணத்துல ஊதிக்கிட்டு வருவாங்களே, அதுவா? படம் இல்லைங்கிற, அப்புறம் ஏன் படம் ஓடுது?"

பையன் என்னைப் பார்த்தான். அன்று மாலை முழுக்க அம்மாவுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். பாட்டு என்றாலே சினிமாப் பாட்டு என்று வளர்ந்த எல்லோருக்கும் இந்தக் கேள்வி உண்டு. எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது.

முதலில் பேண்டு. நம் ஊர்க் கல்யாணத்தில் வரும் பேண்டு வாத்தியக்காரர்கள், வேறு யாரோ இசையமைத்த பாட்டைத்தான் வாசிப்பார்கள். நாம் கேட்கிற பாட்டை வாசிப்பது அவர்கள் தொழில். ராக் பேண்டு அப்படியில்லை. நான்கைந்து பேர் சேர்ந்து தாங்களே பாட்டை எழுதி, தாங்களே மெட்டுப் போட்டு, தாங்களே வாசித்துப் பாடுவார்கள். மின்கிதார், அதற்கு அடிநாதம் கொடுக்கும் பேஸ் கிதார், டிரம்ஸ், ஒரு முதன்மைக் குரல்: இவ்வளவுதான் அடிப்படை. நம் சினிமாவில் எழுதுபவர் ஒருவர், இசையமைப்பவர் ஒருவர், பாடுபவர் ஒருவர், திரையில் வாயசைப்பவர் இன்னொருவர். ராக் பேண்டில் இந்த நான்கு வேலையும் ஒரே ஆளிடம் இருக்கலாம். கேட்பவர்கள் அந்த ஆளையே நேசிப்பதற்கு அதுதான் காரணம்.

குவீன் 1970இல் லண்டனில் தொடங்கிய பேண்டு. பாடகர் ஃபிரெடி மெர்குரி, கிதார் பிரையன் மே, டிரம்ஸ் ரோஜர் டெய்லர், பேஸ் ஜான் டீக்கன். ஃபிரெடியின் இயற்பெயர் ஃபரூக் பல்சாரா. 1946இல் சான்சிபாரில் பிறந்த பார்சிப் பிள்ளை; படித்தது நம் நாட்டில், மகாராஷ்டிர மலையூரான பஞ்ச்கனியில் ஒரு விடுதிப் பள்ளியில். முதல் பேண்டில் சேர்ந்து வாசித்ததும் அந்தப் பள்ளியில்தான். பிரையன் மே வாசித்த கிதாரைப் பற்றிச் சொன்னபோது அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். அதைக் கடையில் வாங்கவில்லை. அப்பாவும் மகனுமாக வீட்டிலேயே இழைத்துச் செய்தது. அதன் கழுத்துப் பகுதிக்கான மரம், ஒரு பழைய கணப்படுப்பின் மேல்சட்டத்திலிருந்து எடுத்தது. இடித்த வீட்டுத் தூணும் நிலையும் காரைக்குடிக் கடைகளில் விலைபோவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பழைய மரத்தின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது சிங்கிள். இதை அம்மாவுக்குச் சொல்வது நான் நினைத்ததைவிட எளிதாக இருந்தது, ஏனென்றால் அவர் சிங்கிளைக் கையில் பிடித்தவர். பெயர்தான் தெரியாது.

அம்மாவின் சிறுவயதில் அவர்கள் வீட்டு முகப்பில் சாவி கொடுத்துச் சுற்றும் கிராமபோன் இருந்தது. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் இசைத்தட்டு. அரக்கு கலந்து செய்தது. கீழே விழுந்தால் அப்பளம் போல் நொறுங்கிவிடும். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் பிடிக்கும். பாட்டு நீளமாக இருந்தால் முதல் பாகம் ஒரு பக்கம், இரண்டாம் பாகம் மறுபக்கம். நடுவில் எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். உலகம் முழுக்கப் பாட்டுகள் மூன்று நிமிட அளவுக்குப் பழகிப்போனதற்கு இந்தத் தட்டுதான் பெரிய காரணம். ரசனையைத் தட்டின் அகலம் தீர்மானித்தது என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

இந்த வியாபாரத்தில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. காரைக்குடியில் 1907இல் பிறந்த ஏ.வி. மெய்யப்பன் முதலில் சினிமாக்காரர் அல்லர். குடும்பக் கடையில் கிராமபோன் தட்டு விற்றவர். 'எது ஓடும், எது கிடக்கும்' என்பதைக் கடைப் பலகைக்குப் பின்னால் நின்று கற்றுக்கொண்டவர். அப்புறம் சென்னை போய் சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கி, தட்டு விற்பதோடு பாட்டைப் பதிவு செய்வதிலும் இறங்கினார். அவர் பெயர் இந்தக் கட்டுரையில் இன்னொரு முறை வரும்.

1948இல் நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் சுற்று... இல்லை, சரியாகச் சொன்னால் முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் சுற்றும் எல்.பி. தட்டு வந்தது. வினைல் என்ற பிளாஸ்டிக்கில் செய்த, பன்னிரண்டு அங்குலத் தட்டு. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். அதில் எட்டுப் பத்துப் பாட்டுகளை ஒன்றாகப் போட்டு வெளியிட்டார்கள், அதுதான் ஆல்பம். அடுத்த ஆண்டே, 1949இல், நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றும் ஏழு அங்குலச் சின்னத் தட்டு வந்தது. ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு. இதற்குத்தான் சிங்கிள் என்று பெயர் நிலைத்தது. விலை குறைவு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைக்காசில் வாங்கலாம், வானொலிக்காரர்கள் போடவும் வசதி. ஆல்பம் வருவதற்குச் சில வாரம் முன்னால் அதிலிருந்து ஒரு பாட்டைச் சிங்கிளாக வெளியிடுவார்கள். அது பிடித்துப்போனவர்கள் பிறகு ஆல்பத்தையும் வாங்குவார்கள் என்பது கணக்கு.

நிறுவனம் நம்பும் பாட்டு ஏ பக்கம். துணைக்கு வருவது பி பக்கம். தட்டை வாங்குபவர் இரண்டையும் சேர்த்துத்தான் வாங்குகிறார் என்பதால், பி பக்கப் பாட்டை எழுதியவருக்கும் ஏ பக்கத்துக்கு உள்ள அதே உரிமைத்தொகை சேரும். குவீனின் இந்தச் சிங்கிளில் பி பக்கம் ரோஜர் டெய்லர் கார் மோகத்தைப் பற்றி எழுதிய பாட்டு. ஏ பக்கம் விற்க விற்க, அதுவும் கூடவே சம்பாதித்தது.

எந்தச் சிங்கிள் எத்தனை விற்றது என்று வாராவாரம் எண்ணி வரிசைப்படுத்துவார்கள். மேலே ஏறினால் ஹிட். இன்று நம் சினிமாவில் 'ஃபர்ஸ்ட் சிங்கிள்' என்று விளம்பரம் செய்கிறார்களே, அது இந்தத் தட்டிலிருந்து வந்த சொல். தட்டு போய்விட்டது, சொல் தங்கிவிட்டது. படம் வருவதற்கு முன் ஒரு பாட்டை மட்டும் தனியாக விட்டு ஆசை காட்டும் வழக்கமும் அதே பழைய வழக்கம்தான்.

சரி, அண்ணன் மகன் போட்ட பாட்டுக்கு வருவோம். பெயர் 'போஹிமியன் ராப்சடி'. எழுதியவர் ஃபிரெடி. 1975 அக்டோபர் 31 அன்று இங்கிலாந்தில் சிங்கிளாக வந்தது. சில வாரம் கழித்து அது இடம்பெற்ற ஆல்பம் வந்தது. வெளியிட்ட நிறுவனம் இ.எம்.ஐ. நாய்ப் படம் போட்ட எச்.எம்.வி. தட்டுகளை நம் நாட்டில் விற்ற கிராமபோன் கம்பெனியின் தாய் நிறுவனமும் அதுதான். திருவிழாவில் குழாய் கட்டிப் பாட்டுப் போடும் ரேடியோ செட்டுக்காரரின் பெட்டியில் அந்த நாயைப் பார்க்காதவர்கள் எங்கள் தலைமுறையில் இல்லை.

பாட்டின் நீளம் 5 நிமிடம் 55 நொடி. வழக்கமான சிங்கிளைப் போல் இரண்டு மடங்கு. இவ்வளவு நீளத்தை வானொலி போடாது என்று நிறுவனத்தில் தயங்கினார்கள். வெட்டிச் சுருக்க பேண்டு சம்மதிக்கவில்லை. கென்னி எவரெட் என்ற வானொலி அறிவிப்பாளர் ஃபிரெடியின் நண்பர். அவர் கைக்கு ஒரு பிரதி போனது. ஒரே வார இறுதியில் லண்டனின் கேப்பிட்டல் வானொலியில் 14 முறை போட்டார். திங்கட்கிழமை கடைக்குப் போய்க் கேட்டவர்களுக்குத் தட்டு கிடைக்கவில்லை, ஏனென்றால் அது இன்னும் விற்பனைக்கே வரவில்லை.

நீளம் மட்டும் புதுமையில்லை. ராக் பாட்டில் பொதுவாக ஒரு பல்லவி இருக்கும். திரும்பத் திரும்ப வரும். கூட்டம் சேர்ந்து பாடும். இதில் பல்லவியே கிடையாது. தாளமில்லாமல் குரல்கள் மட்டும் எழும் தொடக்கம், நம் விருத்தத்தை நினைவூட்டும். பிறகு பியானோவோடு ஒரு மகன் தன் தாயிடம் பேசுகிறான்: ஒருவனைக் கொன்றுவிட்டேன் அம்மா என்கிறான். அடுத்து கிதார் தனியாக அழுகிறது. அது முடிந்ததும் திடீரென்று பேச்சுக்குப் பதில் பாட்டாலேயே நடக்கும் ஐரோப்பிய ஓபரா பாணியில் ஒரு நாடகம். நூறு பேர் இரண்டு கட்சியாக நின்று, இவனை விடு, விடமாட்டோம் என்று வழக்காடுவது போல. அந்தக் கூச்சலுக்குள் 'பிஸ்மில்லா' என்ற சொல் வரும்போது நம் காதுக்குச் சட்டென்று பிடிபடும். அப்புறம் முழு வேகத்தில் ராக். கடைசியில் எல்லாம் அடங்கி ஒரு பெருமூச்சு. ராகமாலிகை கேட்டுப் பழகிய நமக்கு இது அந்நியமாகப்படத் தேவையில்லை என்பது என் எண்ணம். ஒரு உணர்ச்சியிலிருந்து அடுத்ததற்கு எங்கே திரும்புகிறது என்று கவனித்தால் போதும்.

"நூறு பேர் பாடுறாங்களா?" என்றார் அம்மா. இல்லை. மூன்றே பேர்: ஃபிரெடி, பிரையன், ரோஜர். இதை விளக்க எனக்கு ஆத்தங்குடிதான் கைகொடுத்தது. உட்கார்ந்திருந்த தரையையே காட்டினேன்.

ஆத்தங்குடிக் கல் எப்படிச் செய்கிறார்கள்? கண்ணாடிப் பலகை மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவ அச்சை இறக்குவார்கள். அச்சின் ஒவ்வோர் அறைக்குள்ளும் ஒரு நிறம்: சிவப்புச் சிமெண்டுக் குழம்பை இதழில், மஞ்சளை நடுவில், பச்சையை ஓரத்தில் என்று தனித்தனியே கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துவார்கள். பிறகு தண்ணீரில் ஊறி எழுந்து கண்ணாடியை விட்டுப் பிரியும்போது ஒரே பூவாகத் தெரியும். ஒலிப்பதிவும் அப்படித்தான். அந்த நாளின் ஒலிநாடாவில் 24 தடங்கள். அவை அச்சின் அறைகள். ஒன்றில் பியானோ, ஒன்றில் டிரம்ஸ், ஒன்றில் ஒரு குரல். ஒன்றை ஓடவிட்டு, அதைக் கேட்டுக்கொண்டே அடுத்ததில் பாடலாம். அதே மூவர் மறுபடி மறுபடி பாடித் தங்கள் குரலின் மேலேயே குரலை அடுக்கினார்கள்.

24 அறை அவர்களுக்குப் போதவில்லை. அதனால் நிரம்பிய பல தடங்களை ஒன்றாகக் கலந்து ஒரே தடத்துக்கு மாற்றி, காலியான இடத்தில் மறுபடி பாடினார்கள். ஓபராப் பகுதியில் இப்படிச் சேர்த்த அடுக்குகள் 180 அளவில். அந்தப் பகுதிக்கு மட்டும் மூன்று வாரம் ஆனது. நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பாடினார்கள். ஒலிநாடா என்பது பழுப்புநிறக் காந்தப் பொடி பூசிய பிளாஸ்டிக் பட்டை. இயந்திரத்தில் ஓடி ஓடி அந்தப் பூச்சே தேய்ந்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மறுபக்கம் தெரிந்ததாம். கணினி இல்லாத காலம். ஒரு தவறு நேர்ந்தால் திரும்பப் பெற வழியில்லை. பாட்டின் தயாரிப்பாளர் ராய் தாமஸ் பேக்கரும் மூன்று பாடகர்களும் எவ்வளவு பொறுமை காத்திருக்க வேண்டும் என்று நினைத்தால் எனக்கு மனம் நெகிழ்கிறது.

இப்போது அம்மாவின் முக்கியமான கேள்வி: படம் இல்லாத பாட்டுக்கு ஏன் படம்?

பி.பி.சி.யில் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' என்று வாராந்திர நிகழ்ச்சி ஒன்று ஓடியது. வரிசையில் ஏறிய பாட்டுக்காரர்கள் அரங்குக்கு வந்து அந்தப் பாட்டை நிகழ்த்திக் காட்ட வேண்டும். பெரும்பாலும் தட்டை ஓடவிட்டு அதற்கு வாயசைப்பார்கள். வாயசைப்பு நமக்குப் புதிதல்ல. ஏ.வி. மெய்யப்பன் 1938இல் எடுத்த 'நந்தகுமார்' படத்தில்தான், நடிப்பவருக்கு வேறொருவர் குரல் கொடுக்கும் பின்னணிப் பாட்டு தமிழுக்கு வந்தது. நம் சினிமா முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. ஆனால் மூன்று பேர் நூறு குரலாகப் பெருகிய ஓபராப் பகுதிக்கு மேடையில் நின்று எப்படி வாயசைப்பது? பார்க்க நன்றாக இருக்காது என்று பேண்டு நினைத்தது. அதோடு அந்த வாரங்களில் அவர்கள் ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போக வேண்டியிருந்தது. சரி, ஒரு படம் எடுத்துக் கொடுத்துவிடுவோம், நாம் எங்கே இருந்தாலும் அது தொலைக்காட்சியில் ஓடட்டும் என்று முடிவானது.

1975 நவம்பர் 10 அன்று லண்டனுக்கு வெளியே எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில், கச்சேரிக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த அதே மேடையில் எடுத்தார்கள். இயக்குநர் புரூஸ் கவர்ஸ். படப்பிடிப்பு நான்கு மணி நேரம். செலவு 4,500 பவுண்டைத் தாண்டவில்லை. ஃபிலிமில் எடுக்காமல் தொலைக்காட்சிக்காரர்களின் வீடியோ நாடாவில் எடுத்ததால் கழுவிக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. இருட்டில் மேலே பார்க்கும் அந்த நான்கு முகங்கள், மிக் ராக் என்ற புகைப்படக்காரர் அவர்களுடைய இரண்டாவது ஆல்பத்தின் அட்டைக்கு எடுத்த படத்தின் அமைப்பு. அதையே உயிரோடு அசைய வைத்தார்கள்.

தந்திரக் காட்சிகள் எல்லாமே படமெடுக்கும்போதே செய்தவை. ஓர் இடத்தில் ஃபிரெடியின் முகம் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கிளைத்து ஆழத்துக்குள் ஓடி மறையும். நம் வீட்டு முகப்பில் எதிரெதிராக மாட்டிய பெல்ஜியம் கண்ணாடிகளுக்கு நடுவே நின்றால் என்ன தெரியும்? நம் முகத்துக்குள் நம் முகம், அதற்குள் இன்னொன்று, முடிவே இல்லாமல். சிறுவயதில் நாங்கள் எண்ணிப் பார்த்துத் தோற்றிருக்கிறோம். இங்கே கண்ணாடிக்குப் பதில் கேமராவும் திரையும். கேமரா பிடிப்பதையே காட்டிக்கொண்டிருக்கும் திரையின் பக்கம் அந்தக் கேமராவைத் திருப்பினால், படத்துக்குள் படம் என்று சங்கிலி உருவாகும். அவ்வளவுதான் ரகசியம். முகங்கள் தேன்கூட்டு அறைகள் போலப் பெருகும் இடத்துக்குப் பட்டை தீட்டிய ஒரு லென்ஸைக் கேமரா முன் வைத்தார்கள். குரலைப் பெருக்கிய பாட்டுக்கு முகத்தைப் பெருக்கிக் காட்டியது எவ்வளவு பொருத்தம் பாருங்கள். காதுக்கு நடப்பதையே கண்ணுக்கும் காட்டுகிறது. அதனால்தான் இந்தப் படம் பாட்டோடு ஒட்டிப் பிறந்தது போல நிற்கிறது.

சினிமாப் பாட்டுக் காட்சிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் எத்தனையோ பாட்டுக் காட்சிகள் எடுக்க வருகிறார்கள். வளவும் தூணும் அந்தப் படத்தின் கதைக்காக வேண்டியிருக்கிறது. யார் மாப்பிள்ளை, யார் பெண் என்பது முன்பே தெரியும். மியூசிக் வீடியோவுக்குக் கதை என்ற கடமை கிடையாது. முதலில் பாட்டு, அது மட்டுமே தாய். கதை சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம்.

நவம்பர் 20 அன்று தொலைக்காட்சியில் வந்தது. சில நாளில் பாட்டு முதலிடத்துக்குப் போய் ஒன்பது வாரம் அங்கேயே இருந்தது. கடைசியில் அதைக் கீழே இறக்கியது ஸ்வீடனின் 'ஆபா' (ABBA) குழுவின் 'மம்மா மியா'. அந்த இரண்டு சொற்களும் குவீனின் பாட்டுக்குள்ளேயே வருகின்றன!

உலகின் முதல் மியூசிக் வீடியோ இதுதான் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. பீட்டில்ஸ் என்ற இங்கிலாந்துப் பேண்டுக்காரர்கள் 1966இலேயே பாட்டுக்குக் குறும்படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் நேரில் போகாமலே ஒரு படம் ஒரு பாட்டை இவ்வளவு தூரம் சுமந்து செல்லும் என்று இசை நிறுவனங்கள் நம்பத் தொடங்கியது இதற்குப் பிறகுதான். 1981 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் எம்.டிவி வந்தது, நாள் முழுக்க மியூசிக் வீடியோ மட்டும் ஓட்ட ஒரு தனி அலைவரிசை.

1991 நவம்பர் 24 அன்று எய்ட்ஸ் தந்த பாதிப்பால் ஃபிரெடி இறந்தார். வயது 45. அடுத்த மாதமே இந்தச் சிங்கிளை மறுபடி வெளியிட்டார்கள். வருமானம் எய்ட்ஸ் நோயாளிகளுக்காக உழைக்கும் ஓர் அறக்கட்டளைக்குப் போனது. இன்னும் ஐந்து வாரம் முதலிடம். 2019இல் அந்த நான்கு மணி நேரப் படம் யூடியூபில் 100 கோடி பார்வையைத் தாண்டியது.

நம்மிடமும் இந்த வகை இப்போது வேர்விட்டிருக்கிறது. 2021இல் தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரித்து வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' எந்தப் படத்தின் பாட்டும் இல்லை. அம்மாவுக்கே அது தெரிந்திருந்தது. "அதுவும் சிங்கிள்தானா?" என்றார். ஆமாம், அதுவும் சிங்கிள்தான். அதன் கூட வந்தது மியூசிக் வீடியோ.

பிறகு பையனின் கைபேசியை வாங்கி அம்மா அதை மறுபடி பார்த்தார். நான்கு பேருமே பாடுகிறார்களே என்றார். ஜான் டீக்கன் தட்டில் பாடவில்லை, படத்தில் வாயசைக்கிறார் என்று சொன்னேன். அதன்பின் அவர் டீக்கனை மட்டுமே கவனித்தார்.

நீங்கள் முதல் முறையாகக் கேட்கப் போகிறீர்கள் என்றால், படத்தைப் பார்க்காமல் காதில் ஹெட்போன் மாட்டி ஒரு தடவை பாட்டை மட்டும் கேளுங்கள். ஓபராப் பகுதியில் குரல்கள் இடக் காதுக்கும் வலக் காதுக்கும் தாவும். மூவரில் மிக உச்சத்தில் கேட்பது டிரம்ஸ் வாசிக்கும் ரோஜரின் குரல். அடுத்த தடவை படத்தோடு. முடிந்துவிட்டது என்று தோன்றும் இடத்தில் நிறுத்திவிடாதீர்கள். சட்டையில்லாமல் நிற்கும் ரோஜர், நம் சேகண்டியின் பெரிய அண்ணன் போன்ற ஒரு வெண்கலத் தட்டை ஒரே ஒரு முறை அடிப்பார். அந்த நாதம் தேய்ந்து அடங்கச் சில நொடி ஆகும்.